தந்தையும் பால் சுரக்கும் பறவை

கண்டும் காணாத குஞ்சு

கோயிற் கோபுரத்து மாடங்களிலும், பழைய அரசாங்கக் கட்டடங்களின் வளைவுகளிலும், ரயில் நிலையக் கூரையின் இரும்புச் சட்டங்களிலும், நெல்மண்டிகளின் வாசலிலும் நூற்றுக்கணக்கான மாடப்புறாக்களைத் தினந்தோறும் பார்த்துப் பழகிய நம்மில் பலருக்கு என்றேனும் ஒரு நாள் ஒரு சிறு சங்கை தோன்றியிருக்கும். இத்தனை புறாக்களுக்கு நடுவே ஒரு குஞ்சைக்கூட நாம் கண்டதில்லையே, அது ஏன்? கோழிக்குஞ்சு தாயின் பின்னே ஓடுவதைப் பார்க்கிறோம். காகத்தின் குஞ்சு சிவந்த வாயைப் பிளந்து கத்திக் கத்தி இரை வாங்குவதை மதிற்சுவரின் மேலேயே பார்க்கிறோம். புறா மாத்திரம், பிறக்கும்போதே முழு வளர்ச்சியுடன் பிறந்துவிட்டதோ என்று ஐயுறும்படி, எப்போதும் ஒரே அளவில் நம் கண்முன் தோன்றுகின்றது.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. மாடப்புறாவின் பூர்வீக வாசஸ்தலம் கடலோரத்துச் செங்குத்துப் பாறைகளும் மலைக்குகைகளுமாகும். மத்தியதரைக் கடற்பிரதேசம் முதல் இந்தியா வரையில் பரந்த நிலப்பரப்பிலே, பாறை விளிம்புகளில் முட்டையிட்டு வாழ்ந்து வந்த அப்பறவைக்கு, மனிதன் எழுப்பிய கோபுரமும் கோட்டையும் கிணற்றின் உட்சுவரும் பாறைக்கு மாற்றாக வந்து வாய்த்தன. அத்தகைய இருண்ட இடுக்கிலே பிறக்கும் குஞ்சு ஏறத்தாழ ஒரு மாத காலம் வெளியே தலைகாட்டுவதில்லை. வெளிவரும் நாளிலோ அது உருவத்தில் தன் பெற்றோரை எட்டிப் பிடித்திருக்கும். ஆகவே, நாம் இளம்புறாக்களைக் காணாமலில்லை, கண்டும் அறியாமலிருக்கிறோம் என்பதே உண்மை. கழுத்திலே பச்சையும் ஊதாவுமாக மின்னும் பளபளப்பு இன்னும் ஏறாமலும், அலகின் அடியிலுள்ள தடிப்பு வெளுக்காமல் சாம்பல் நிறமாகவும், கண்மணியைச் சுற்றிய வளையம் செம்மஞ்சளாகாமல் மங்கிய பழுப்பாகவும் உள்ள புறா ஒன்று கூட்டத்தில் தென்பட்டால், அது கூட்டைவிட்டு வந்து சில வாரங்களே ஆன பாலகன் என்று துணிந்து கூறலாம்.

ஆனால் இந்த எளிய விடை, தன்னைவிடக் கடினமான வேறொரு கேள்வியை எழுப்பி வைக்கிறது. அந்த ஒரு மாத காலம் அக்குஞ்சு எதைத் தின்று அவ்வளவு பெரிதாகின்றது?

தானியத்தால் வளராத சிசு

சிட்டுக்குருவியை எடுத்துக்கொள்வோம். அது நம் முற்றத்தில் உலரும் நெல்லையும் கம்பையும் கொத்தித் தின்னும் பறவை. எனினும் தன் குஞ்சுகளுக்கு அது தானியம் ஊட்டுவதில்லை. புழுவையும் பூச்சியையும் வெட்டுக்கிளியையும் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டு போய் ஊட்டுகின்றது. காரணம் வெளிப்படை. இறகும் தசையும் எலும்பும் ஒருங்கே வளரவேண்டிய பருவத்தில் புரதச்சத்து மிகுதியாக வேண்டும்; காய்ந்த தானியத்திலே அது போதிய அளவில் இல்லை, இருப்பதைச் செரித்துக்கொள்ளும் வலிமையும் பிறந்த சிசுவின் வயிற்றுக்கு இல்லை. தானியந் தின்னும் பறவைகளிற் பெரும்பாலானவை, தாம் சைவமாயினும் தம் மக்களை அசைவமாகவே வளர்க்கின்றன. அதனால் அவற்றின் இனவிருத்தி, பூச்சிகள் பெருகும் பருவத்தோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கின்றது.

புறா இந்தப் பிணைப்புக்கு உட்படாத பறவை. அது பூச்சி தேடி அலைவதில்லை. மழைக்காலம் வரட்டும் என்று காத்திருப்பதுமில்லை. சௌகரியமான இடமும் ஆகாரமும் கிடைக்குமாயின் ஆண்டில் ஐந்தாறு முறை கூட மாடப்புறா குஞ்சு பொரிக்கும். நம் வீட்டு வராந்தாவின் பூந்தொட்டியிலும் மின்சார மீட்டரின் மேலும் நாலைந்து குச்சிகளை அடுக்கி, அதையே கூடென்று பெயர்பண்ணிக்கொள்ளும் தவிட்டுப்புறாவும் புள்ளிப்புறாவும் அவ்வாறே, ஏறக்குறைய எம்மாதத்திலும் முட்டையிடக் கூடியவை. உலகெங்கும் முந்நூறுக்கு மேற்பட்ட இனங்களாகப் பரந்து கிடக்கும் இப்பெருங்குடும்பம், தமிழ்நாட்டின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறா உட்பட, தன் சிசுக்களை ஒரே வகையான ஆகாரத்தால் வளர்க்கின்றது. அந்த ஆகாரத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. அது பெற்றோரின் உடலிலேயே உற்பத்தியாகின்றது.

தீனிப்பையில் ஊறும் பால்

பல பறவைகளுக்குத் தொண்டைக்குக் கீழே, மார்பின் முகப்பிலே, விழுங்கிய தானியத்தைச் சற்று நேரம் சேர்த்து வைக்கும் பை ஒன்று உண்டு. அதைத் தீனிப்பை என்பர். புறாவின் தீனிப்பை இரண்டு மடல்களாகப் பிரிந்திருக்கும். முட்டையை அடைகாக்கத் தொடங்கி ஒரு வாரம் கழிந்தபின் அம்மடல்களின் உட்படலம் தடிக்கத் தொடங்குகிறது. அதிலுள்ள உயிரணுக்கள் விரைவாகப் பெருகி, கொழுப்பு நிறைந்து, அடுக்கடுக்காக உதிர்கின்றன. உதிர்ந்தவை ஒன்றுசேர்ந்து, பாலைத் திரித்து நீரை வடித்தபின் எஞ்சும் கட்டியைப் போல வெளிறிய மஞ்சள் நிறத்தில் பை நிறையக் காணப்படும். இதைப் புறாப்பால் என்று வழங்குவோம்.

உருவத்தால் மாத்திரமன்று, குணத்தாலும் அது பாலின் பதவிக்கு உரியதுதான். நீரை நீக்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் புரதமும், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பும் அதில் உள்ளன. பசுவின் பாலிலுள்ள சர்க்கரை மட்டும் இதில் இல்லை. நோயை எதிர்க்கும் பொருள்களைத் தாய்ப்பால் எவ்வாறு சிசுவுக்கு வழங்குகின்றதோ அவ்வாறே இதுவும் வழங்குகின்றது. எல்லாவற்றிலும் விநோதமானது, இதைச் சுரப்பது தாய் மட்டுமன்று என்பதே. தந்தைப் புறாவின் தீனிப்பையும் அதே காலத்தில், அதே முறையில் தடித்துப் பால் சுரக்கின்றது. பாலூட்டிகள் என்று பெருமையோடு பெயர் சூட்டிக்கொண்ட நம் வகுப்பிலே எந்தத் தகப்பனும் வழக்கமாகச் செய்யாத காரியம் இது. பறவைகளுள் பூநாரையும், தென்துருவத்துப் பேரரசப் பெங்குவினும் மட்டுமே இதையொத்த சுரப்பை உடையவை.

இலண்டனில் வாழ்ந்த அறுவை வைத்தியர் ஜான் ஹன்டர் 1786-இல் வெளியிட்ட நூலில் இச்சுரப்பைப் பற்றி விவரமாக எழுதினார். ஆயினும் இதை இயக்குவது எது என்பது விளங்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் என்னுமிடத்து ஆய்வுச்சாலையில் ஆஸ்கர் ரிடில் என்பாரும் அவருடைய சகாக்களும், மாட்டு மூளையின் அடிப்புறத்திலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் புறாவின் உடலில் செலுத்திப் பார்த்தனர். அடைகாக்காத புறாவுக்கும் தீனிப்பை தடித்துவிட்டது! அச்சாற்றில் உள்ள வேதிப்பொருளுக்கு அவர்கள் 1933-இல் புரோலாக்டின் என்று பெயரிட்டனர். பசுவின் மடியில் பாலூறச் செய்வதும், புறாவின் தொண்டையடியில் பாலூறச் செய்வதும் ஒரே வகைப் பொருளே என்பது இவ்வாறு புலப்பட்டது. மடியும் தீனிப்பையும் ஒன்றற்கொன்று எவ்வித உறவுமில்லாத உறுப்புகள். இயற்கை, கைவசமிருந்த பழைய கட்டளையொன்றை இரண்டு வெவ்வேறு வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டுள்ளது என்றே கொள்ளவேண்டும். அதற்குப் பின் பல்லாண்டு காலம், ஒரு மருந்திலோ சாற்றிலோ புரோலாக்டின் எவ்வளவு உள்ளது என்று அளக்க விரும்பிய வைத்திய விஞ்ஞானிகளுக்குப் புறாவின் தீனிப்பையே அளவுகோலாக விளங்கியது.

ஒரு ஜோடியின் இரண்டு மாதங்கள்

கோபுரத்தின் மூன்றாம் நிலையிலுள்ள ஒரு மாடத்தைக் கற்பித்துக்கொண்டு, அதில் குடியேறும் ஒரு ஜோடியைத் தொடர்ந்து செல்வோம். ஆண்புறா கழுத்தை உப்பவைத்து, தலை தாழ்த்தி வணங்கி, வட்டமிட்டுச் சுழன்று, வாலைத் தரையில் இழுத்தபடி முனகுகின்றது. பெடை இணங்கினால் தன் அலகை அதன் அலகினுள்ளே விட்டு இரை வாங்கிக்கொள்ளும். ஒன்றன் தலையிறகை மற்றொன்று கோதும். இதைக் கண்டு காதல் என்று கூறிய கவிகளை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அடுத்து வரும் நாட்களில், ஆண் தன் பெடையை ஓரிடத்தில் நிற்கவிடாமல் கொத்திக் கொத்தித் துரத்தி, வேற்று ஆணின் அருகே அது செல்லாதபடி காவல் செய்யும் காட்சியைக் கவிகள் ஏனோ பாடாமல் விட்டுவிட்டனர்.

கூடு கட்டுவதில் வேலைப் பங்கீடு திட்டமானது. ஆண் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுவந்து கொடுக்க, பெடை இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு அதைத் தன்னைச் சுற்றிச் செருகிக்கொள்கின்றது. கலைநயம் சிறிதுமற்ற கட்டடம். தூக்கணாங்குருவி இதைக் கண்டால் சிரிக்கும்.

முதல் முட்டை பெரும்பாலும் மாலை வேளையில் இடப்படுகின்றது. இடையில் ஒரு நாள் விட்டு, அதற்கு மறுநாள் பிற்பகலில் இரண்டாவது. அத்துடன் சரி. இரண்டு வெள்ளை முட்டைகள், அதற்கு மேல் இல்லை. காலையில் பத்து மணியளவில் ஆண் வந்து பெடையை எழுப்பிவிட்டுத் தான் அமர்கின்றது; மாலை வரையில் அதன் முறை, பின் இரவு முழுவதும் பெடையின் முறை. சுமார் 18 நாட்களில் முட்டைகள் பொரிகின்றன. அதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்பே இருவரது தீனிப்பையிலும் பால் தயாராகிவிடுகிறது.

வெளிவரும் சிசு, உண்மையைச் சொன்னால், அழகற்றது. கண் திறவாதது, மெல்லிய மஞ்சள் மயிர் அங்கங்கே ஒட்டிய ரோஜா நிறத் தோலும், உடலுக்குப் பொருந்தாத பெரிய அலகும் உடையது. அந்த அலகைப் பெற்றோரின் வாய்க்குள் நுழைத்துவிட்டால், தீனிப்பை சுருங்கி மேலே தள்ளும் பால் நேரே அதன் தொண்டைக்குப் போகின்றது. முதல் மூன்று நான்கு நாட்களுக்குக் கலப்பற்ற பால் மட்டுமே உணவு. பிறக்கும்போது 15 கிராம் அளவில் இருந்த உடல் ஏறக்குறைய இரண்டு நாட்களில் இரட்டிப்பாகிவிடுகிறது. பிறகு பாலோடு ஊறிய தானியம் கலக்கின்றது. நாளுக்கு நாள் தானியம் மிகுந்து பால் குறைந்து, இரண்டு வாரத்திற்குள் பால் மறத்தல் பெரும்பாலும் முடிந்துவிடும். நான்காம் வார முடிவில் 300 கிராமை நெருங்கிய இளம்புறா மாடத்தின் விளிம்புக்கு வந்து நிற்கின்றது.

முட்டைகள் இரண்டே ஏன் என்பதும் இங்கே விளங்கும். பூச்சி தேடும் பறவை, நல்ல காலத்தில் அதிகமாக உழைத்து நாலைந்து குஞ்சுகளையும் காப்பாற்றிவிடலாம். பால் சுரக்கும் படலத்தின் பரப்போ வரையறைப்பட்டது. முதற் சில நாட்களின் அசுர வளர்ச்சிக்கு ஈடுகொடுக்க, தாயும் தந்தையும் சேர்ந்தே இரண்டு வாய்களை நிறைக்க முடிகின்றது. எண்ணிக்கையில் இழந்ததைப் புறா வேகத்தில் ஈடுசெய்கின்றது. முதற் குஞ்சுகள் இன்னும் கூட்டைவிட்டுப் போகாதிருக்கும்போதே, மூன்றாம் வாரமளவில், பெடை வேறொரு மூலையில் அடுத்த இரண்டு முட்டைகளை இட்டுவிடுவதும் உண்டு. அப்போது மூத்த மக்களுக்கு ஊட்டும் பொறுப்பு பெரும்பாலும் தகப்பனைச் சேர்கின்றது.

நாம் காணாத இந்தக் குஞ்சை எல்லா நாட்டு மக்களும் அவ்வாறே காணாதிருந்தார்கள் என்று எண்ணலாகாது. எகிப்திலே இளம்புறா இறைச்சி இன்றும் விருந்துணவு. பாரசீகத்து இஸ்பகான் நகரைச் சுற்றிலும், ஆயிரக்கணக்கான பொந்துகளை உள்ளடக்கிய கோபுரங்களைக் கட்டிப் புறாக்களைக் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்கள் நாடியது புறாவை அன்று, முலாம்பழத் தோட்டங்களுக்கு எருவாகும் அதன் எச்சத்தை.

கண்ணாடிக்கு அப்பால்

தாய் முட்டையிடுகிறாள், அவள் உடலில் மாறுதல் நிகழ்வது இயல்பு. முட்டையிடாத தந்தையின் உடல் காலமறிந்து பால் சுரப்பது எவ்வாறு? 1939-இல் ஹாரிசன் மாத்யூஸ் என்னும் ஆங்கில விலங்கியலறிஞர் செய்த ஒரு பரிசோதனை இதற்கு வழிகாட்டிற்று. தனியே அடைபட்ட பெண்புறா முட்டையிடுவதில்லை. ஆனால் கூண்டில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்தவுடன், தன் பிரதிபிம்பத்தையே துணையென்று கருதி அது முட்டையிட்டுவிட்டது. கண்ணால் கண்ட ஒரு காட்சி உடலின் உள்ளுறுப்புக்களை இயக்குகின்றது என்பது இதனால் தெரிந்தது.

பின்னர், அமெரிக்காவின் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் டேனியல் லெர்மன் என்பவர் கழுத்தில் கருவளையமுள்ள சிறு புறாக்களை வைத்துக்கொண்டு இப்பொருளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஆணையும் பெண்ணையும் கூண்டிலிட்டு, கட்டி முடித்த கூட்டையும் முட்டைகளையும் முதல் நாளே கொடுத்தால் அவை உட்காருவதில்லை. ஒரு வாரமளவு பழகிக் கூவிக் கூடு கட்டிய பின்பே அடைகாக்கும் எண்ணம் அவற்றுக்கு உண்டாகின்றது. ஆணின் கூவலும் வணக்கமும் பெடையின் உடலில் ஹார்மோன் என்னும் சுரப்புநீரை எழுப்ப, அந்நீர் அவளைக் கூட்டை நாடச் செய்ய, கூட்டில் அமர்ந்த ஸ்பரிசம் அடுத்த சுரப்புநீரை எழுப்ப, இவ்வாறு செய்கை சுரப்பையும் சுரப்பு செய்கையையும் மாறி மாறிப் பிறப்பிக்கின்றன. தகப்பனின் விஷயம் இன்னும் வியப்புக்குரியது. சிலநாள் கூடி வாழ்ந்த ஆணை ஒரு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிறுத்தி, பெடை அடைகாப்பதை அது பார்க்க மட்டும் இடந்தந்தனர். தான் ஒரு கணமும் முட்டைமேல் அமராத அந்த ஆணின் தீனிப்பையும் தடித்து வளர்ந்தது.

அதே சர்வகலாசாலையில் பின்னாளில் மெய்-ஃபாங் செங் என்னும் பெண்மணி இன்னுமோர் அடி முன்னே சென்றார். ஆண் கூவியதால் பெடையின் கருமுட்டை வளர்கின்றது என்றே அதுவரை கருதியிருந்தனர். உண்மையில், ஆணின் கூவலைக் கேட்டுப் பெடை தானும் கூவுகின்றாள். அவ்வாறு எழுந்த தன் குரலைத் தானே கேட்பதுதான் அவளது உடலை முட்டைக்குத் தயார் செய்கின்றது என்று அவர் காட்டினார்.

சாதுவென்று பேர்பெற்றது

இவ்வளவு நெருங்கிய இல்வாழ்க்கை மனிதர் கண்ணில் படாமற் போகுமா? பாலைநிலத்து வெம்மையில் வருந்தும் பெடைக்கு ஆண்புறா தன் மெல்லிய சிறகால் இளைப்பாற்றும் காட்சியைத் தலைவன் கூறியதாகத் தலைவி நினைவுகூரும் பாட்டு கலித்தொகையில் உண்டு. பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்காகத் தன் தசையையே அரிந்து தராசிலிட்ட சிபியின் கதை மகாபாரதத்தில் வருவது. அந்த வள்ளலைத் தங்கள் குலமுதல்வனாகச் சோழர் கொண்டாடியதைப் புறநானூறு பேசுகின்றது, பாண்டியன் சபையிலே தன் ஊரை அறிமுகம் செய்யும் கண்ணகியும் பேசுகின்றாள். வெள்ளம் வடிந்ததை நோவாவுக்கு ஒலிவ இலையால் அறிவித்தது புறா. மேற்காசியாவின் காதல் தெய்வங்களுக்கும் அதுவே உரிய பறவை.

ஆனால் எல்லாரும் எக்காலத்தும் அதை மங்கலமாகவே கொண்டனர் என்பதற்கில்லை. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், வீட்டுக்குள் வந்த புறாவை நாசதேவதையாகிய நிருருதியின் தூதென்று அஞ்சி, அதனால் தீங்கு நேராதிருக்கப் பிரார்த்திக்கும் சூக்தம் ஒன்றுண்டு. வலிமையான குறியீடுகள் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டை வாழ்வு உண்டென்று நினைக்கிறேன்.

இன்று உலகம் அறிந்த சமாதானப் புறா அத்தனை பழமையானதன்று. 1949 ஏப்ரலில் பாரீஸில் கூடிய சமாதான மாநாட்டின் சுவரொட்டிக்குப் பிக்காசோ வரைந்திருந்த வெண்புறாவின் படம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு மாதிரியாக இருந்தது ஓவியர் மத்தீஸ் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த வளர்ப்புப் புறா. அந்த மாதமே பிறந்த தம் மகளுக்குப் பிக்காசோ, ஸ்பானிய மொழியில் புறாவைக் குறிக்கும் பலோமா என்ற பெயரை இட்டார்.

அதே 1949-இல் ஆஸ்திரிய விலங்கியலறிஞர் கொன்ராட் லோரென்ஸ் வெளியிட்ட நூலொன்றில் வேறு வகையான புறா வருகின்றது. இரு இனங்களைச் சேர்ந்த ஒரு ஜோடியை அவர் ஒரே கூண்டில் விட்டு, வியன்னாவுக்குச் சென்று மறுநாள் திரும்பினார். ஒன்று தரையில் கிடந்தது. அதன் தலையிலும் கழுத்திலும் முதுகிலும் தோல் முழுவதும் உரிந்திருந்தது. மற்றது அதன்மேல் நின்று, களைத்தும் ஓயாமல், இன்னும் கொத்திக்கொண்டிருந்தது. கூரிய பல் படைத்த ஓநாய், தோற்றுப் பணிந்த எதிரியைக் கடிக்காமல் நிறுத்திக்கொள்ளும் தடையை உடன்பிறப்பாகப் பெற்றிருக்கின்றது. ஆயுதமில்லாத புறாவுக்கு அத்தடை தேவைப்படவேயில்லை, என்பது லோரென்ஸ் கண்ட விளக்கம். வெளியிலே தோற்ற புறா ஒரு சிறகடிப்பில் தப்பிவிடும்; அதன் இறகுகளும் பிடித்தவன் கையில் கற்றையாகக் கழன்று வந்துவிடும்படி தளர்வாகவே பொருந்தியுள்ளன. ஓட வழியில்லாத கூண்டில்தான் விபரீதம். புறா வளர்ப்பவர்கள் இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே அறிவார்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி அறையைக் கொடுத்து, முட்டைக்காலத்தில் வேற்று ஆணை அதனருகே அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.